லோவான் அக்காவின் காலி நாற்காலி

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. லோவான் அக்கா செய்தாள், நான் பார்த்தேன், அவ்வளவுதான். ஹூஸ்டனில் எங்கள் வியட்நாமிய மக்களுக்கென்று இருக்கிற குட்டித் தொலைக்காட்சியில் நான் கேமராக்காரன். எங்கள் அலைவரிசை பத்து மைல் தாண்டாது. தாண்டினாலும் அங்கே பார்க்க ஆளில்லை.

முதல் வரியாக எழுதியது: ‘மூன்று நாளாக மழை கொட்டித் தீர்த்த

(அடித்துவிட்டேன். வெள்ளக் கதை என்றால் மழையில்தான் தொடங்க வேண்டுமா?)

2

மதியம் பன்னிரண்டு மணிக்கு அக்கா நேரலையில் சமைப்பாள். அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடியே தொலைபேசியில் வருகிறவர்களோடு வம்பளப்பாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அந்த நாற்காலி காலியாக இருந்ததில்லை.*

* காய்ச்சலில், காலடியில் வாளியை வைத்துக்கொண்டு சமைத்ததும் உண்டு. இதை எழுதாதே என்றாள்.

அன்று மீன் குழம்பு கொதிக்கும்போது, ஓடைக்கரைக் குடியிருப்பை உடனே காலி செய்யச் சொல்லி ஆங்கிலத்தில் அறிவிப்பு வந்தது. அக்கா அதை எங்கள் மொழியில் நாலு தடவை சொன்னாள். அங்கே குடியிருந்த ஆட்களைப் பெயர் சொல்லியே விரட்டினாள். ஓடைக்கரையிலிருந்து வருகிற பாலத்தை ஜன்னல் வழியே பார்த்தேன். ஒரு கார்கூட வரவில்லை.

தினமும் முதலில் அழைக்கிற கியெம் பெரியப்பா அன்றும் அழைத்தார். எழுபத்தெட்டு வயது, ஓடைக்கரையில் தனி ஆள்.

“மீனுக்கு அன்னாசி போட்டியா?”

“பெரியப்பா, தண்ணி வருது! காரை எடுத்துட்டுக் கிளம்புங்க!”

“நீ கிளம்பிட்டியா?”

“நானும் போயிட்டா யாரு சொல்றது?”

“நெசமாவே ஆபத்துன்னா நீ இப்படிக் கரண்டியும் கையுமா உக்காந்திருப்பியா? பக்கத்து வீட்லயும் இதையேதான் சொல்றாங்க. நீ எந்திரி, நாங்களும் எந்திரிக்கிறோம்.”

3

(இங்கே அக்காவின் மனதுக்குள் புகுந்து நாலு பக்கம் எழுதினேன். எல்லாம் புருடா. கிழித்துப் போட்டேன்.)

அடுப்பை அணைத்தாள். கைப்பையை எடுத்தாள். திரையிலிருந்து விலகி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நாற்காலியையே காட்டு. கேமராவத் தொடாத.”

எங்கள் கட்டடம் மேட்டில் இருந்தது. அவளுக்கு ஓர் ஆபத்தும் இல்லை. பத்தொன்பது வருட நம்பிக்கையை ஒரே பொய்யில் செலவழித்தாள். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஐந்து நிமிடத்தில் பாலத்தில் முதல் கார் தெரிந்தது. பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தன. கியெம் பெரியப்பாவின் பழைய நீல வண்டியை மட்டும் காணோம்.

தொலைபேசி அடித்தது. அவர் எண்தான்.

“எடுங்கக்கா. உதவிக்குக் கூப்பிடறாரோ என்னவோ.”

“எடுத்தா நான் இங்கதான் இருக்கேன்னு தெரிஞ்சுடும்டா. அப்புறம் மனுஷன் அசைய மாட்டாரு.”

தன் கைபேசியில் மீட்புப் படகுக்காரர்களுக்கு அவர் முகவரியைச் சொன்னாள். நேரலைத் தொலைபேசி வெகுநேரம் அடித்து நின்றது. அவள் எடுக்கவில்லை.

4

முடிவு ஒன்று: பெரியப்பா நனைந்த பைஜாமாவோடு மாடியேறி வந்து, “கெழவனை இப்படியாடி பயமுறுத்துவ?” என்று கத்துகிறார்.

முடிவு இரண்டு: மறுநாள் படகில்

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். அக்காவைக் கேட்டால், இரண்டில் எதுவானாலும் அன்றைக்கு அவள் எழுந்தது சரிதான் என்பாள். நானும் அதையே சொல்வேன். ஆனால் நான் இங்கே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கும்வரை நீங்களும் நகரப் போவதில்லை.

இதோ, நானும் எழுந்துவிட்டேன்.