சிபாரிசு அம்மா

ஈரப் பஞ்சை உதட்டில் வைத்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்து தலையணையில் இறங்கியது. அவன் துண்டால் துடைத்துவிட்டான்.

"ஒரு சொட்டும்மா. நாக்கு காஞ்சு போச்சு பாரு."

"அக்கா எங்கடா?"

"பஸ்ல வந்துட்டிருக்கா. சாயங்காலத்துக்குள்ள வந்துடுவா."

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்ததிலிருந்து அவன் கட்டிலை விட்டு நகரவில்லை. அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். நின்றுபோன கம்ப்ரசர் மறுபடி எப்போது ஓடும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவனுக்குப் பழக்கம்தான். இன்று அம்மாவின் மூச்சுக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு தடவை அது நின்றபோதும் கட்டிலின்மேல் குனிந்தான்.

சாவு வரப்போகிறது என்பது அவனுக்குத் தெரியும். அதற்கு மனதை ஒருமாதிரி தேற்றி வைத்திருந்தான். அவனைப் போட்டு ஆட்டியது வேறு விஷயம். அம்மா பிரார்த்தனையை நிறுத்திவிட்டாள்.

பழைய தெருவில் அவளுக்குப் பெயரே சிபாரிசு அம்மா. பரீட்சை, பிரசவம், குடிகாரப் புருஷன் என்று எது வந்தாலும் ஜனங்கள் அவளிடம் வந்து, "எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லி வைங்க" என்பார்கள். விடிந்ததும் கண்ணை மூடி உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகவும் வாய்விட்டுக் கேட்பாள். முதலில் விலாசம். எந்தத் தெரு, என்ன அடையாளம், கீழ் வீடா மாடியா என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கே வருவாள். கடவுளுக்கு வழி தெரியாதா என்று அவன் கிண்டலடித்தால், "அவருக்கு ஆயிரம் வேலை. நாமதான் சரியாச் சொல்லணும்" என்பாள்.

அவனுக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் குரல் காதில் விழாமல் அவனுக்கு ஒரு நாளும் பொழுது விடிந்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் வீடு ஓய்ந்து கிடந்தது.

"ஏதாவது சொல்லிக் கும்பிடேன்ம்மா. மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

"யார்கிட்ட?"

அவன் பஞ்சை மறுபடி தண்ணீரில் நனைத்தான்.

"ஊருக்கெல்லாம் கேட்டேன். எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டேன், வலி இல்லாமப் போகணும்னு. ஒரு சத்தமும் இல்ல." மூச்சு வாங்கியது. "அங்க யாருமே இல்லையோ என்னவோ. பயமா இருக்குடா."

இதையே அவன் எத்தனையோ தடவை அவளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். அவள் வாயிலிருந்து வந்தபோது தாங்க முடியவில்லை. இத்தனை பேருக்காகப் பேசிய மனுஷி, தன் முறை வரும்போது பயந்து நடுங்கிக்கொண்டா போக வேண்டும்? இருக்கிறாரோ இல்லையோ, அந்த ஆள்மேல் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சரி, நான் சொல்றேன்."

"நீயா?"

அவனுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முழங்காலில் ஊன்றிக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

"வணக்கம். நான் இவங்க பையன் பேசறேன். இதுக்கு முன்னாடி நான் கூப்பிட்டதில்ல. ரொம்ப அவசரம், உடனே வரணும். விலாசம் சொல்றேன். மருந்துக்கடைக்கு எதிர்ச் சந்து, பச்சை கேட்டு, கீழ் வீடு..."

அம்மாவின் மூச்சு நின்றது. அவனும் நிறுத்தினான். போய்விட்டாள் என்றே நினைத்தான்.

"டேய்! அது பழைய வீடுடா, மடையா!"

போன மாதம்தான் வீடு மாறியிருந்தார்கள். வாயில் பழைய விலாசமே வந்திருந்தது.

"அங்க போய்க் கதவைத் தட்டிக்கிட்டு நிக்கப் போறாரு. தள்ளு."

எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, அவன் சட்டையின் முன்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அவள் கண் அவனைப் பார்க்கவில்லை, அவன் தோளுக்கு மேலே எங்கோ இருந்தது. குரல் மட்டும் காலை நேரத்துக் குரலாக இருந்தது.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம். மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது, பாத்து ஏறி வாங்க."

மூச்சு நின்றது. திரும்ப வந்தது.

"இங்க ஒரு பையன் இருக்கான். இனிமே தனியாத்தான் இருப்பான். பசிச்சாக்கூட வாயைத் திறந்து கேக்க மாட்டான். நீங்கதான்..."

அவன் காத்திருந்தான். கீழே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"சொல்லும்மா," என்றான். "நீங்கதான்... அப்புறம்?"

பிள்ளைகளின் சத்தம் தெருக்கோடிக்குப் போய்த் தேய்ந்தது. அவன் இன்னும் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தான்.

அக்கா மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கட்டிலின்மேல் வளைந்து அப்படியே உட்கார்ந்திருந்த தம்பியையும், அம்மாவின் முகத்தையும் பார்த்தாள். பை கையிலிருந்து நழுவியது. சுவரோரமாக உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

வெகுநேரம் கழித்து, "பயந்தாளாடா?" என்று கேட்டாள்.

"பயந்தா."

"கடைசி வரைக்குமா?"

"இல்ல. கடைசில என்னைத் திட்டினா."

அக்காவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. அவள் எழுந்து வந்து, அவன் சட்டையைப் பற்றியிருந்த விரல்களைப் பிரிக்கக் குனிந்தாள்.

"விடுக்கா."

ஒற்றைக் கையால் பொத்தான்களைக் கழற்றினான். ஒரு தோளை உருவினான், பிறகு மறு தோளை. வெறும் பனியனோடு எழுந்து நின்றான். சட்டை அம்மாவின் கையிலேயே இருந்தது.