அமாவாசைப் பரிசல்

பொழுது சாய்ந்தால் சவரிக்குக் கண் தெரியாது. அது அவன் மனைவி மதலேனம்மாளுக்கு மட்டும் தெரியும்.

ஏரியூருக்கு மேற்கே, மேட்டூர் அணையின் தண்ணீர் தேங்கி நிற்கும் ஒரு துறையில் அவன் பரிசல் ஓட்டினான். துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் தீர்த்தகிரி. காலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஓட்டம் மாலை ஆறுக்கு நின்றுவிடும். அந்த நேரம்தான் ஆறு வருடமாக அவனைக் காப்பாற்றி வந்தது.

எண்பத்தாறில் வால் நட்சத்திரம் வந்தது. பென்னாகரத்திலிருந்து அறிவியல் வாத்தியார் சலாவுதீன் வந்து தீர்த்தகிரியைப் பார்த்தார். நட்சத்திரம் தெற்கே தாழ்வாகத் தெரியும் என்றார். கரையில் நின்றால் குன்று மறைக்கிறது, நடுத்தண்ணீருக்குப் போனால் பார்க்கலாம். தீர்த்தகிரிக்கு யோசனை பிடித்துப்போனது.

முதல் ஓட்டம் மார்ச் மாதம், பௌர்ணமி இரவு. நிலா வெளிச்சத்தில் தண்ணீர் வெளுத்தும் பாறைகள் கறுத்தும் கிடந்தன. சவரி சமாளித்துவிட்டான். வாத்தியாரின் மனைவி நசீம் பானு தண்ணீரில் கையை விட்டபடி, கடல் இப்படித்தான் இருக்குமா என்று மூன்று முறை கேட்டாள். வாத்தியாருக்குத்தான் திருப்தி இல்லை. நிலவு வானத்தையே வெளுத்துவிட்டது. அமாவாசை கழிந்த மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாட்டேன் என்றால் தீர்த்தகிரி காரணம் கேட்பார். காரணம் தெரிந்தால் பகல் ஓட்டமும் போய்விடும். சவரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வழி கண்டுபிடித்தவள் மதலேனம்மாள். அவளும் பரிசலில் வருவாள். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வாள். அருள்நிறை மந்திரம் சொன்னால் நேராகப் போக வேண்டும். பரலோக மந்திரம் சொன்னால் இடது. பிதாவுக்கும் சுதனுக்கும் என்று தொடங்கும் திரித்துவப் புகழ் சொன்னால் வலது. மூன்றும் ஜெபமாலையில் வருகிறவைதான். பக்தியான பொம்பளை என்று நினைத்துக்கொள்வார்கள்.

பாவமில்லையா என்று சவரி கேட்டான்.

"மாதா கோவிச்சுக்கமாட்டா," என்றாள். "அவளும் புருசனோட ராத்திரியில தெரியாத வழியில போனவதான்."

மூன்று மாலை, இருட்டிய பிறகு வீட்டுக்குப் பின்னால் ஆடுகளுக்கு நடுவே அவனை நடக்கவிட்டுப் பழக்கினாள். மூன்றாம் நாள் அவன் எந்த ஆட்டின் மேலும் மோதவில்லை.

அமாவாசை கழிந்த மறுநாள் இரவு ஒரு மணிக்கு வாத்தியாரும் நசீம் பானுவும் வந்தார்கள். அவர்களோடு எதிர்பாராத ஆள் ஒருவர் வந்தார். உபதேசியார் ஞானராஜ். பங்குச் சாமியார் வராத ஞாயிறுகளில் மாதா கோயிலில் செபம் நடத்துபவர். ஊரில் பாதிப் பேருக்கு மந்திரங்கள் சொல்லிக்கொடுத்தவர். இயேசு பிறந்தபோது மூன்று ராஜாக்கள் பார்த்ததும் இப்படிப்பட்ட நட்சத்திரம்தானா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார்.

பரிசல் கிளம்பியது. கோடையில் தண்ணீர் இறங்கியிருந்தது. மூழ்கிக் கிடந்த பாறைகள் அங்கங்கே தலை நீட்டியிருந்தன. காற்று இல்லை. வானத்து நட்சத்திரங்கள் எல்லாம் தண்ணீரிலும் இருந்தன. நசீம் பானு இந்த முறை கையை விடவில்லை. அடியிலும் வானம் இருக்கிற மாதிரி பயமாக இருக்கிறது என்றாள்.

மதலேனம்மாள் தொடங்கினாள். அருள்நிறை மந்திரம் ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு திரித்துவப் புகழ். சவரி வலது பக்கம் இழுத்தான்.

"மூனுதான் ஆச்சு," என்றார் உபதேசியார்.

"என்னங்கய்யா?"

"பத்து சொல்லணும். மூனு சொல்லிட்டு பிதாவுக்கும் சுதனுக்கும் போயிட்ட."

தூக்கக் கலக்கம் என்றாள். மறுபடி தொடங்கினாள். அருள்நிறை மந்திரம் ஐந்து. ஒரு மரக்கட்டை மிதந்து வந்தது. பரலோக மந்திரத்துக்குத் தாவினாள்.

"உனக்கு நான்தான சொல்லிக் குடுத்தேன்? வாத்தியார் முன்னால என் மானத்த வாங்காத."

உபதேசியார் சட்டைப் பையிலிருந்து தன் ஜெபமாலையை எடுத்தார். தானே முன்னெடுத்தார். அவர் முன்னெடுத்தால் மற்றவர்கள் பதில் மட்டும்தான் சொல்ல வேண்டும். பதிலுக்கு எந்தத் திசையும் அவள் வைத்திருக்கவில்லை.

சவரி குழம்பினான். பிறகு உபதேசியார் சொல்லும் மந்திரங்களையே திசையாக எடுத்துக்கொண்டு ஓட்டினான். நிறுத்தி நிதானமாக அவர் பத்தையும் சொன்னார். மதலேனம்மாள் இடது பக்கம் பாறையைப் பார்த்தாள். ஒரு வீட்டுத் திண்ணை அளவுக்கு இருந்தது. நேராகப் போனால் தப்பிவிடலாம். உபதேசியார் பத்தாவதை முடித்துத் திரித்துவப் புகழையும் சொன்னபோது பரிசல் வலப்புறம் விலகியது. அவளுக்கு மூச்சு வந்தது.

அடுத்து அவர் பரலோக மந்திரத்தை உரக்கச் சொன்னார். சவரி இடப்புறம் வலித்து இழுத்தான்.

"ஏங்க, பாறை. சோத்தாங்கை பக்கம் இழுங்க."

பரிசல் பாறையில் உரசிச் சாய்ந்தது. கணுக்கால் வரை தண்ணீர் ஏறியது. நசீம் பானு மதலேனம்மாளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். யாரும் விழவில்லை.

இவ்வளவு பெரிய பாறை கண்ணுக்குத் தெரியவில்லையா என்று வாத்தியார் சத்தம் போட்டார். சவரி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான்.

"தெரியலீங்க சார். பொழுது சாஞ்சா எனக்கு ஒன்னும் தெரியாது."

பரிசல் பாறையில் இலேசாக இடித்துக்கொண்டிருந்தது.

முதலில் புரிந்துகொண்டவர் உபதேசியார். கையிலிருந்த ஜெபமாலையைப் பார்த்தார்.

"நான் சொன்ன பரலோக மந்திரத்துக்கா திரும்புன?"

"ஆமாங்கய்யா."

"அப்ப திரித்துவப் புகழ்?" என்று கேட்டார்.

"சோத்தாங்கை பக்கமுங்க."

"அஞ்சு உசுரோட வெளையாடியிருக்க," என்றார் வாத்தியார்.

"ஆமாங்க சார்."

மதலேனம்மாள் முந்தானையால் பரிசலின் தண்ணீரை ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தாள். நசீம் பானு அவளிடம், அக்கா உங்களுக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்டாள். வலை போடப் போவேன், ஆள் ஏற்றி ஓட்டியதில்லை என்றாள் அவள்.

கணவனும் மனைவியும் இடம் மாறினார்கள். சவரி பரிசலின் ஓரத்தைத் தடவிக்கொண்டே பின்னால் வந்தான். உபதேசியார் நகர்ந்து இடம் கொடுத்தார். மதலேனம்மாள் பாறையைத் துடுப்பால் தள்ளிவிட்டு, நடுத்தண்ணீருக்குக் கொண்டுபோனாள்.

வாத்தியார் பைனாகுலரைத் துடைத்துத் தெற்கே பார்த்தார். நட்சத்திரம் தெரிந்தது. எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள்.

"இதுக்கா?" என்றாள் நசீம் பானு.

எப்படி இருக்கிறது என்று சவரி கேட்டான். வாத்தியார் பதில் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தார்.

"சுண்ணாம்புக் கையால தொடைச்ச மாதிரி இருக்கு. வேற ஒன்னுமில்ல."

"அப்ப எனக்கு நட்டமில்லீங்க," என்றான் சவரி.

நசீம் பானு சிரித்துவிட்டாள். வாத்தியாரும் கொஞ்சம் சிரித்தார். சிரித்தது பிடிக்காதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பரிசல் கரைப் பக்கம் திரும்பியது. கரையில் என்ன சொல்லப்போகிறார்கள் என்று மதலேனம்மாள் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் சவரிக்கும் இல்லை.

தீர்த்தகிரி பெட்ரோமாக்ஸ் விளக்கோடு நின்றிருந்தார். நாளைக்குத் தர்மபுரியிலிருந்து ஒரு கூட்டம் வருகிறது, இதே நேரம் கிளம்ப வேண்டும் என்றார். பிறகுதான் துடுப்பு யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார்.

"என்ன, பொம்பள ஓட்டிக்கிட்டு வர்ற?"

சவரி வாயைத் திறந்தான். அதற்குள் நசீம் பானு முந்திக்கொண்டாள். ராத்திரியில் பெண்கள் வருவதற்கு அக்கா ஓட்டினால்தான் நன்றாக இருக்கும் என்றாள். அக்கா ஓட்டினால் தன் தெருவிலிருந்து இன்னும் நாலு பேரைக் கூட்டி வருவதாகவும் சொன்னாள்.

தீர்த்தகிரி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது இன்னும் துடைத்து முடியவில்லை. தீர்த்தகிரி உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"இன்னிக்கு எங்களக் கரை சேத்தது இந்தப் பொண்ணுதான்," என்றார் அவர். "ராத்திரிக்கு இதையே விடு."

"அப்ப சவரி என்ன பண்ணுவான்?"

"நான் பகலுக்குங்க," என்றான் சவரி.

தீர்த்தகிரி விளக்கை உயர்த்தி அவன் முகத்தருகே பிடித்தார். சவரி சூடு வந்த பக்கம் திரும்பினான். பார்வை விளக்கின் மேல் நின்றது, அவர் மேல் நிற்கவில்லை.

தீர்த்தகிரி விளக்கை இறக்கினார்.

"நேரத்துக்கு வந்துரணும்," என்று மதலேனம்மாளிடம் சொன்னார்.