வலது கால்

பஸ் ஓட்டும் அப்பா ஒரு வாரமாக லீவில் இருந்தார். "உடம்பு அசதிம்மா" என்றார். ஒரு வார்த்தைக்கு ஒன்பது கேள்வி கேட்கும் அவருடைய வாயாடி மகள், அதை மட்டும் அப்படியே நம்பிவிட்டாள்.

டீ ஆறி ஆடை கட்டியது, அவர் தொடவில்லை. டிவியில் செய்தி ஓடியது. அதிசயமாக அவர் ஒருவரையும் திட்டவில்லை.

அவள் விளையாடிய பந்து அவர் உட்கார்ந்திருந்த சோபாவைத் தாண்டி உருண்டது. அதைப் பிடிக்க அவள் அவருக்கு முன்னால் குறுக்கே ஓடினாள். தொம்மென்று ஒரு சத்தம். அப்பாவின் வலது கால் வெறும் தரையை, பிரேக்கை மிதிப்பதுபோல், அழுத்தி மிதித்திருந்தது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. நீ போ."

கால் மட்டும் தரையை விடவில்லை.

அவர் அதை எடுக்கும்வரை அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.