பொன்னவ்வாவின் சக்களத்தி

ஆளிவிதை எண்ணெய் தேய்க்கத் தொடங்கிய நாலாம் மாதம் உத்தய்யாவின் துப்பாக்கிக்கு உடம்பு சூடு வந்தது. அதே வாரம் மிளகு விலை ஏறியது. குடகில் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அவருடைய தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி அது. பரணில் புகை குடித்துக் கிடந்ததை இறக்கி, இரும்பில் கீறல் விழாமலிருக்கச் செம்புக் காசின் விளிம்பால் துருவைச் சுரண்டினார். பிடியின் மரக்கட்டையில் உப்புத்தாள் போடவில்லை. தாத்தா கத்தியால் கீறிய பெயர் போய்விடும். உள்ளங்கையில் எண்ணெய் தொட்டு, கை சுடும்வரை தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்தார். கைச்சூட்டில்தான் மரம் எண்ணெய் குடிக்குமாம். இதையெல்லாம் மனைவி பொன்னவ்வாவிடம் அவர் சொன்னதில்லை. துப்பாக்கியிடம் சொல்லும்போது அவள் காதில் விழுந்ததுதான்.

ஆடி மழையில் அக்கம்பக்கத்தார் அந்தக் கட்டையில் குளிர் காய வந்தார்கள். பொன்னவ்வாவுக்கு வயிறு எரிந்தது. "ஏங்க, என் குதிகாலு பிளந்து கெடக்கு. மிச்ச எண்ணெயில அதையும் தேய்ச்சுவிட்டா உங்க கை என்ன குறைஞ்சா போயிரும்?" என்று கேட்டாள். "இது மரத்துக்குப் போடறது பொன்னி, தோலுக்கு ஆகாது" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. துப்பாக்கியும் லேசுப்பட்டதல்ல. அவர் மனைவியோடு சிரித்துப் பேசிய மறுநாள் குழலில் புதுத் துரு பூத்திருக்கும். பதறிப்போய் இரண்டு மூன்று நாள் அதன் பக்கத்திலேயே கிடப்பார்.

கைல்போள்து பண்டிகை வந்தது. ஆயுதங்களை விளக்கு முன்னால் வைத்து, குழல் வாயில் காந்தள் பூ செருகவேண்டும். பொன்னவ்வா செருகிய பூவைத் துப்பாக்கி மூன்று தரம் துப்பியது. "அக்கா, அவளுக்கு உங்க கை ஆகலை போல" என்று கொழுந்தன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மதியம் மரத்துச்சியில் கட்டிய தேங்காயைச் சுட உத்தய்யா குறி பார்த்தபோது, "குடுங்க இங்க" என்று பிடுங்கி, வானத்தைப் பார்த்து விசையை இழுத்தாள். இருந்த ஒரே தோட்டா இரண்டு முறை வெடித்தது.

இரண்டு வெடி கேட்டால் குடகில் சாவு. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்துக்காரர்கள் பன்றிக்கறியை அப்படியே விட்டுவிட்டு வெள்ளை உடுத்தி ஓடிவந்தார்கள். "யாரு போனது?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் பக்கத்துத் தோட்டத்து மாச்சய்யா.

"என் சக்களத்தி."

மாச்சய்யா துப்பாக்கிக் கட்டையைத் தொட்டுப் பார்த்தார். சில்லிட்டுக் கிடந்தது. "ஆமா, போயிருச்சு" என்று தலைத்துணியைக் கழற்றினார்.

தொல்லை விட்டது என்று நினைத்தாள் பொன்னவ்வா. உத்தய்யா பதினோராம் நாள் வரை இறைச்சி தொடவில்லை. முறைதான், யாரும் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகும் தொடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம், "ஒரு நாளும் குரல் உசத்திப் பேசினதில்லை" என்று கண் கலங்கினார். உயிரோடு இருந்தபோது சக்களத்தியிடம் துரு என்று ஒரு குறையாவது இருந்தது. செத்தபின் அதுவும் இல்லை. உயிரோடு இருப்பவளிடம் சண்டை பிடிக்கலாம்; இவளை என்ன செய்வது? முன்னைவிடப் பத்து மடங்கு பொறாமையில் பொன்னவ்வா இளைத்துப்போனாள்.

காப்பி பறிப்பு முடிந்ததும் ஒரு காலையில் துப்பாக்கியை மடியில் கிடத்தி, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றினாள். "எந்திரிடி. படுத்துக்கிட்டே ஜெயிச்சிரலாம்னு பாக்கறியா?" என்று திட்டித் திட்டித் தேய்த்தாள். உத்தய்யா வாசற்படியில் வந்து நின்றார். "ரொம்ப அழுத்தாத, நோகும்."

"நீங்க சும்மா இருங்க. இது எங்க ரெண்டு பேரு வெவகாரம்."

சித்திரையில் காப்பி பூத்தபோது கட்டையில் சூடு திரும்பியது. மாச்சய்யா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, துக்கம் கழிந்ததென்று ஊருக்குச் சொன்னார். அன்று மதியம் உத்தய்யா பன்றிக்கறி சாப்பிட்டார். அவர் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே பொன்னவ்வா பரிமாறினாள்.