தோணிக்குப் போட்ட சீல்

முந்தின நாள் சாயங்காலம் அடித்த சித்திரைக் காற்றில் கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்கள் பேயாட்டம் ஆடித் தீர்த்திருந்தன. விடிந்ததும் முப்பிடாதி கரைக்கு ஓடிவந்து பார்த்தாள். பயந்தபடியேதான் இருந்தது. மரத்தடித் தண்ணீரில் நாரைக் குஞ்சுகள் விழுந்து கிடந்தன. பாதி செத்து மிதந்தன. மீதி, ஒடிந்து விழுந்த முள்கொப்புகளில் தொற்றிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுக்குத் தாய்நாரை இரை கொடுக்காது. யாராவது போய் எடுத்தால் உண்டு, இல்லையென்றால் உச்சிவெயிலுக்குள் அத்தனையும் செத்துப்போகும்.

அந்த யாராவது இருபது வருஷமாக முப்பிடாதிதான். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் கட்டையில் குச்சி அடுக்கப் போவதற்கு முன்னால் பனந்தோணியைத் தள்ளிக்கொண்டு மரத்தடிக்குப் போவாள். கிடக்கிற குஞ்சுகளை அள்ளிச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் முள் அடைத்த பட்டியில் விடுவாள். கண்மாயிலேயே அரித்த பொடிமீனை ஒவ்வொன்றின் வாயிலும் ஊட்டி, றெக்கை முற்றியதும் பறக்க விடுவாள். தோணி இல்லாமல் அங்கே போக முடியாது. கரிசல் சேறு, கால் வைத்தால் தொடைவரைக்கும் இழுக்கும். போன வருஷம் இறங்கிய எருமையைக் கயிறு போட்டு இழுத்தும் உயிரோடு மீட்க முடியவில்லை.

இப்போது தோணி கரைக் கோடியில் காவல் கொட்டகையோரம் கவிழ்ந்து கிடந்தது. சங்கிலி, பூட்டு, பூட்டின் மேல் சிவப்பு அரக்கு. பக்கத்தில் பச்சைப் பலகை. சரணாலய எல்லைக்குள் மீன் பிடிப்பது குற்றம், அனுமதியில்லாமல் படகு செலுத்துவது குற்றம், பறவைகளைத் தொடுவது குற்றம்.

பலகையைப் பார்க்கும்போதெல்லாம் முப்பிடாதிக்கு வயிறு எரியும். அதைக் கொண்டுவந்ததே அவள்தான். டவுனிலிருந்து துப்பாக்கியோடு வந்து நாரைகளைச் சுட்டுத் தூக்கிக்கொண்டு போனவர்களைத் தடுக்க, இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதைச் சரணாலயமாக்கக் கேட்டு மனு எழுதினார்கள். அவள்தான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். எட்டயபுரத்தில் பஸ் மாறித் தூத்துக்குடிக்குப் போய், திங்கட்கிழமைக் கூட்டத்தில் வரிசையில் நின்று கலெக்டர் கையில் கொடுத்தாள். துப்பாக்கி நின்றது, வாஸ்தவம்தான். கூடவே அவள் தோணியும் நின்றது. கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊர்கூடி மீன் பிடிக்கிறதும் நின்றது. குஞ்சு பொறுக்கத் தோணி வேண்டுமென்று போன தையில் அனுமதி கேட்டு எழுதிப்போட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு அட்டை வந்தது.

வேப்பங்குச்சியும் வாயுமாக வந்த கொழுந்தன் சுடலைராஜ் தண்ணீரைப் பார்த்துக் காறித் துப்பினான்.

"ஒனக்கு நல்லா வேணும் மதினி. நீதான மனுவத் தூக்கிட்டு அலைஞ்ச? இப்பக் கரையில நின்னு வேடிக்க பாரு."

அவன் சொன்னது அத்தனையும் நிஜம். அதனாலேயே அவளுக்கு அவனைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளிவிடலாம் போலிருந்தது.

வனத்துறைக் காவலர் எபநேசர் கொட்டகையிலிருந்து எழுந்து வந்தான். நாசரேத்துப் பக்கத்துப் பையன், வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

"தம்பி, பூட்டத் தொற. அர மணி நேரம். அள்ளிப் போட்டுட்டு வந்துருதேன்."

"யக்கா, சீல ஒடச்சா என் வேல போயிரும். ரேஞ்சர் பத்து மணிக்கு வாராரு. அவியகிட்டக் கேளுங்க."

"பத்து மணிக்கு எது உசுரோட இருக்கும்?"

அவன் பலகையைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், அவளை மட்டும் பார்க்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவள் கரையிலேயே உட்கார்ந்தாள். தலைக்கு மேல் வெயில் ஏற ஏற, அசைகிற கழுத்துகள் குறைந்துகொண்டே வந்தன.

பத்தரைக்கு ஜீப் வந்தது. ரேஞ்சரோடு மெட்ராஸிலிருந்து வந்த யாரோ பெரிய அதிகாரியின் சொந்தக்காரர்கள், ஒரு தம்பதி. கண்மாய் மடையோரம் கட்டியிருந்த வனத்துறையின் மோட்டார் படகைக் கிளப்பினார்கள். அது ஆய்வுப் படகாம், பலகையில் எழுதிய தடை அதற்குக் கிடையாதாம்.

முப்பிடாதி ஓடிப்போய்க் கும்பிட்டாள். இவர்களைக் கும்பிடுகிறோமே என்று அவளுக்கே கூசியது.

"ஐயா, போற வழியிலதான் குஞ்சு கெடக்கு. படகுல அள்ளிப் போட்டுட்டு வாங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

"வனவிலங்கத் தொடவே கூடாதும்மா. சட்டம். இயற்கை அதுபாட்டுக்குப் பாத்துக்கும்," என்றார் ரேஞ்சர்.

மோட்டார் சத்தத்துக்கு மரங்களிலிருந்த நாரைகள் மொத்தமாக எழும்பின. அடைகாத்த நாரையும் எழும்பியது. கலவரத்தில் இன்னும் இரண்டு குஞ்சுகள் பொத்தென்று விழுந்ததைக் கரையிலிருந்தே அவள் பார்த்தாள். மரத்தடியில் படகு நின்றது. அந்தப் பெண் குனிந்து உயிரோடிருந்த ஒரு குஞ்சைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். புருஷன் போட்டோ எடுத்தான். முப்பிடாதிக்கு ஒரு நொடி மனசு இளகியது. அப்புறம் ரேஞ்சர் என்னமோ சொல்ல, அந்தப் பெண் குஞ்சைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுக் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

முப்பிடாதி சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டினாள்.

"யக்கா, எறங்காதீங்க. கேஸ் எழுதணும்."

"எழுதுலே. பேரு முப்பிடாதி. ஒங்க ஆபீஸ்லயே கெடக்கும், மனுவுல மொதக் கையெழுத்து. பறவ செத்தா ஒங்களுக்குக் கேஸ் இல்ல. எடுத்தா கேஸ். நல்லா எழுது."

சேறு முதலில் முழங்காலைப் பிடித்தது, அப்புறம் தொடையை. ஒரு காலைப் பிடுங்க மறுகால் இறங்கியது. முள்கொப்புகளைப் பிடித்து, உள்ளங்கை கிழிய, அந்தப் பெண் விட்டுப்போன குஞ்சின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் இடுப்புக்கு மேல் நின்றது. இனி ஒரு அடி எடுத்துவைக்க முடியாது என்று தெரிந்தது. குஞ்சைத் தூக்கி இடது கக்கத்தில் இடுக்கினாள். அது அவள் தோளில் ஒரு கொத்துக் கொத்திவிட்டு, தொண்டை தெரிய வாயைத் திறந்தது.

கரையில் எபநேசர் நோட்டை விரித்துப் பிடித்தபடி நின்றான். மரங்களுக்கு அப்பால் போயிருந்த படகு அவளை நோக்கித் திரும்பியது. ரேஞ்சர் எழுந்து நின்று கையை ஆட்டி எதையோ கத்தினார், மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே முப்பிடாதி வலது கையைத் தண்ணீருக்குள் விட்டு, கலங்கிய சேற்றைத் துழாவினாள். விரலிடுக்கில் மீன் ஒன்று வழுக்கியது. இறுக்கிப் பிடித்தாள்.