யாரோ மாட்டிய பூட்டு

கொலம்பியா ஆற்றுக்கு மேலே, பழைய நெடுஞ்சாலையின் சுரங்கப்பாதை வாயிலில், ஆர்லோவின் வலது கால் ஒரு பாறைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. கார்களை நிறுத்தி நடைபாதையாக்கிய நாளிலிருந்து அந்தச் சாலையைப் பராமரிப்பவர் அவர். சரிந்து கிடந்த கற்களை அள்ள வந்தார். மிச்சக் கல்லும் சரிந்துவிட்டது. பாதம் மரத்துக்கொண்டே வந்தது. கால் போய்விடுமோ என்று பயந்தார்.

வயர்லெஸ்ஸில் தீயணைப்புப் படையின் டனிகா பேசினாள்.

"ஆர்லோ, சாலை கேட்டுக்கு வந்துட்டோம். எங்க பூட்டத் திறந்துட்டேன். சங்கிலி விடமாட்டேங்குது."

அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பூங்கா, தீயணைப்பு, மின்சாரக் கம்பெனி என்று மூன்று பூட்டுகளை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியில் மாட்டியிருப்பார்கள். எதைத் திறந்தாலும் கேட் திறக்கும். ஒருவர் பக்கத்துப் பூட்டில் கோக்காமல் அதைத் தாண்டி மாட்டிவிட்டால், விடுபட்ட அந்தப் பூட்டின் சாவிக்கு வேலையே இல்லை. இன்று காலை, மழையில், பூங்காவின் பூட்டை அவசரமாக அப்படி மாட்டியது அவர்தான். போன வருடம் இதே தப்புக்காக டனிகாவை நாலு பேர் முன்னால் கிழித்தவரும் அவர்தான். எந்த இரும்புக் கத்தரிக்கும் மசியாத சங்கிலியைத் தேடிப்பிடித்து வாங்கிய புண்ணியவானும் அவரே.

"யாரோ தப்பா மாட்டியிருப்பாங்கம்மா," என்றார். வாய் கூசவில்லை.

சாலையின் மறுமுனையைச் சரிவு அடைத்திருந்தது. தீயணைப்பு வண்டிக்கு வேறு வழியில்லை. கேட்டருகே நின்ற ஒருவரிடம் சைக்கிளை இரவல் வாங்கி, இரண்டு மைல் மிதித்து வந்து சேர்ந்தாள் டனிகா. பாறையைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"ஜாக்கி வண்டியில இருக்கு, சைக்கிள்ல கொண்டுவர முடியாது. சாவியக் குடுங்க பெரியவரே."

கொடுத்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"யாரோன்னு சொன்னீங்களே, அந்த யாரோவோட சாவியா இது?"

பதிலுக்குக் காத்திராமல் தன் கோட்டை அவர்மேல் போர்த்திவிட்டுக் கிளம்பினாள். சற்று நேரத்தில் வயர்லெஸ்ஸில் அவளுடைய அதிகாரியின் குரல் கேட்டது.

"பூட்டுக்கு என்னம்மா ஆச்சு?"

"மழையில இறுகிப்போச்சு சார். வேற சாவி கொண்டுவரேன்."

இத்தனை நேரம் வலியைத் தாங்கியவருக்கு இந்தப் பொய் தாங்கவில்லை. அவமானத்தில் கண் கலங்கியது. பொத்தானை அழுத்தினார்.

"இறுகல்லாம் இல்ல. நான்தான் தப்பா மாட்டுனேன்."

மூச்சிரைக்க டனிகாவின் குரல் வந்தது.

"தெரியும். கால ஆட்டாம இருங்க."