பத்தேகாலுக்குப் புறப்பட்ட ஆறு

ஆற்றங்கரைப் பூங்காவைத் திறந்து வைத்த அன்று, காலை பத்தேகால் மணிக்கு, ஆறு அங்கிருந்து கிளம்பிப் போய்விட்டது. அவசரப்படாமல்தான் போனது. நகராட்சித் தலைவர் ரிப்பனை வெட்டிக் கத்தரிக்கோலைத் தட்டில் வைப்பதற்கும், ஆறு கரையேறித் தபால் நிலையத்தின் பக்கமாகத் திரும்புவதற்கும் சரியாக இருந்தது. யாருடைய செருப்பையும் அடித்துக்கொண்டு போகவில்லை. தையல் கடை முன்னால் கொஞ்சம் ஒதுங்கி, இரண்டு சைக்கிள்களுக்கு வழிவிட்டு, மூன்றாம் குறுக்குத் தெருவுக்குள் நுழைந்து, பதினேழாம் எண் வீட்டு வாசலை ஒட்டி ஓடி, தெருக்கோடியில் காலி மனையைத் தாண்டித் தன் பழைய தடத்தில் சேர்ந்துகொண்டது. கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. முன்வரிசையில் ஒருவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். பதினேழாம் எண் அவருடைய வீடு.

நகராட்சி அலுவலகத்தில் அவர் உதவியாளர். எவ்வளவு நீளமான விஷயமாக இருந்தாலும் ஒரே பக்கத்தில் அடக்கித் தருவதில் கெட்டிக்காரர் என்பதால் சுருக்கம் என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். மனைவி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே "சரி, விஷயம் என்ன?" என்பார். அவள் வெளியே போய்விட்டு வந்தால், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே "எங்க போயிட்டு வர்ற?" என்று கேட்பார். சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை. பதிலைக் காதில் வாங்குவதும் இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்று ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கும் வேலையை அவர் தலையில்தான் கட்டினார்கள். அலுவலக வாசலில் ஒரு தகரப் பெட்டி வைத்தார்கள். ஒரு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு தாள்கள் விழுந்தன. பத்திரிகையில்கூட அந்த எண்ணிக்கை வந்தது. தாள்களைச் சாக்கில் கட்டி அலமாரி மேல் வைத்தவர், நாளைக்குப் படிக்கலாம், நாளைக்குப் படிக்கலாம் என்று தள்ளிப்போட்டார். கெடு முடியும் நாளும் வந்தது. அந்த அலுவலகத்தில் எந்த அறிக்கையையும் யாரும் புதிதாக எழுதுவதில்லை. பழையதை எடுத்துப் பெயரை மாற்றுவதுதான் வழக்கம். அவரும் மூன்று வருடத்துக்கு முன்பு பேருந்து நிலையத்துக்காகத் தாமே எழுதிய அறிக்கையை எடுத்து, பேருந்து வந்த இடமெல்லாம் ஆறு, நிலையம் வந்த இடமெல்லாம் பூங்கா என்று மாற்றச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஆறு குறித்த நேரத்தில் புறப்பட வேண்டும் என்றும், புறப்படும் நேரமும் சேருமிடமும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும் என்றும், காலை பத்தேகாலுக்கு மூன்றாம் குறுக்குத் தெருவுக்கு ஓர் ஆறு விடப்பட வேண்டும் என்றும் பொதுமக்கள் ஒருமனதாகக் கோரியதாக அந்த அறிக்கை சொன்னது. கடைசிக் கோரிக்கை பொதுமக்களுடையதே அல்ல. தம் தெருவுக்கு ஒரு பேருந்து வந்தால் நடை மிச்சம் என்று அவரே பழைய அறிக்கையில் நைசாகச் செருகியது. பேருந்து வரவே இல்லை. புதிய அறிக்கையில் ஐந்து அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். ஒப்பந்தக்காரர் கூரை போட்டு, தண்ணீருக்கு முதுகு காட்டிச் சாலையைப் பார்த்தபடி இரும்பு இருக்கைகளைப் பதித்து, நேரப் பலகையும் மாட்டினார். அந்த அறிக்கையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தது ஆறு மட்டும்தான். படித்தபடி நடந்துகொண்டது.

ஊர் இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. தபால்காரர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். பால் படகில் வந்தது. ஆற்றைத் திரும்பிவரச் சொல்லி நகராட்சி மூன்று கடிதம் அனுப்பியது. விலாசம் பதினேழாம் எண் என்பதால் மூன்றையும் சுருக்கமே கையெழுத்திட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆறு தம் வாசலுக்கு வந்ததற்கு என்ன காரணம் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து பயந்து இருந்தார். யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நாள் காலையில் ஓடக்காரர் படகை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சார், ஊரே நேரம் வேணும்னு கேட்டிருக்குன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. நான் மட்டும் நாலு படி கேட்டு எழுதிட்டேன், வயசானவங்க ஏறி எறங்க. அந்தத் தாளு இருந்தா குடுத்துடுங்க, கிழிச்சுப் போட்டுடறேன். யாரு கண்ணுலயாவது பட்டா சிரிப்பாங்க."

சுருக்கம் தேடிப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். மறுநாள் தையற்காரம்மா வந்து, தான் விளக்கு கேட்டது அதிகப்பிரசங்கித்தனம் என்று மன்னிப்புக் கேட்டாள். ஓய்வுபெற்ற செவிலி, ஊர் நினைப்பு ஒரு பக்கம் இருக்கத் தம் நினைப்பு மட்டும் எங்கேயோ போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். தாம் செய்த வேலைக்கு ஊரே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது சுருக்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியில் தம் முகத்தைப் பார்க்காமலே சவரம் செய்துகொண்டார்.

ஒரு மத்தியானம் சாக்கை இறக்கி, ஆவண அறையில் தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். ஒருவருக்குக் கண் தெரியாத அண்ணன் பிடித்துக்கொண்டு நடக்கக் கைப்பிடி வேண்டும். ஒரு பள்ளிக்கூட வகுப்பு மொத்தமும் நிழல் கேட்டிருந்தது. பூங்காவே வேண்டாம், ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கவிட்டால் போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நேரம் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. முந்நூற்று எண்பதைத் தாண்டியபோது பெயர் போடாத தாள் ஒன்று வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மாதாமாதம் மளிகைச் சீட்டில் பார்க்கிற கையெழுத்து.

"தண்ணியப் பாத்த மாதிரி ஒரு பெஞ்சு. ஒரு பொம்பளை அரை மணி நேரம் தனியா உக்காந்துட்டு வந்தா, எங்க போயிட்டு வர்றன்னு யாரும் கேக்காத மாதிரி ஒரு இடம்."

அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மற்றவற்றைத் தெருவுக்குத் தூக்கிவந்து, ஆற்றின் குறுக்கே எதிர்வீட்டுத் தூண் வரைக்கும் கொடிகள் கட்டி, துணிக் கவ்விகளால் ஒவ்வொன்றாக மாட்டினார். கூட்டம் சேர்ந்தது. வீட்டுப் படியில் நின்றபடி, யாரும் நேரம் கேட்கவில்லை, நான்தான் படிக்காமல் பழையதைப் பார்த்து எழுதிவிட்டேன் என்று சொன்னார். வாழ்நாளில் அவர் சுருக்காமல் சொன்ன முதல் விஷயம் அது. தம் தெருவைச் செருகியதையும் சேர்த்துச் சொன்னார். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவரவர் தாளைத் தேடிப்பிடித்துப் படித்துப் பார்த்தார்கள். ஓடக்காரர் தம்முடையதை இரண்டு முறை படித்துவிட்டு, அப்படியென்றால் நாலு படி கட்டிவிடலாமா என்று மட்டும் கேட்டார்.

மனைவி வீட்டிலிருந்து வந்து, கொடிகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழங்கால் தண்ணீரில் நடந்து பார்த்தாள்.

"நானூத்திப் பன்னெண்டுன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. இங்க நானூத்திப் பதினொண்ணுதான் இருக்கு."

"ஒண்ணுதானே. அது அவ்வளவு முக்கியமில்ல."

"அதையும் சுருக்கிட்டீங்களா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அவர் தெருவைப் பார்த்தார். தெரு அவரைப் பார்த்தது. பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார், மடிப்பு நேராகவில்லை. அவள் ஒரு கவ்வியை நீட்டினாள். வாங்கி, தாமே மாட்டினார். தெருவில் இருந்த அத்தனை பேரும் அதையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார்கள். அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாவிட்டாலும் அவர் முகம் சொல்லிவிட்டது.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆறு திரும்பிப் போகவில்லை. அதன்பிறகு யாரும் அதைத் திரும்பிவரச் சொல்லவும் இல்லை. பழைய பூங்காவில் கூரையும் பலகையும் இருப்பதால் பேருந்துகள் அங்கே நின்று போகின்றன. பதினேழாம் எண்ணுக்கு எதிரே நாலு படி இருக்கிறது, கைப்பிடியும் இருக்கிறது. பழைய பூங்காவிலிருந்து கழற்றிவந்த ஓர் இரும்பு இருக்கையைத் தண்ணீரைப் பார்த்தபடி பதித்திருக்கிறார்கள். மாலை ஐந்தரைக்கு மனைவி அதில் போய் உட்காருகிறாள். முதல் வருடமெல்லாம் அவள் திரும்பி வரும்போது அந்தக் கேள்வி அவருக்குப் பல்வரைக்கும் வரும். ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து அதை இறக்குவார். இப்போது தண்ணீர் தேவைப்படுவதில்லை. அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டு, ஒதுங்கி நிற்கிறார்.